தீய்ந்த பால்

மூன்று தட்டையும் கழற்றிக் கொதிக்கிற வெந்நீரில் போட்டு, ஒரு கை ஆப்பசோடாவையும் அள்ளிப் போட்டுவிட்டு, தையல்நாயகி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நுரைத்தது, அடங்கியது, அவ்வளவுதான். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. வழிவதை ஏந்திக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு பர்னருக்கும் அடியில் ஒரு தட்டு வைத்துத்தான் அடுப்பு விற்கிறார்கள், ஆனால் ஏந்திக்கொண்டதைப் பிறகு யார் சுரண்டுவது என்று விற்றவன் யோசித்த மாதிரி தெரியவில்லை. வலது பக்கத் தட்டில் சாம்பாரும், குக்கர் விசிலோடு துப்பிய பருப்புத் தண்ணீரும், நாலு கடுகும். நடுவில் இருக்கிற சின்னத் தட்டில் டீ. இடது பக்கத் தட்டில் பால், பாலைத் தவிர வேறொன்றும் இல்லை, தீய்ந்து தீய்ந்து அடை கனத்துக்கு ஏறிப் போயிருந்தது. காலையில் ஆறேகால் ரயிலுக்குக் கிளம்பும்போது நமச்சிவாயம் செருப்பை மாட்டிக்கொண்டே சமையலறையை எட்டிப் பார்த்து, "இந்த அடுப்பைக் கொஞ்சம் பாரேன், மனுசங்க பொழங்குற வீட்டு அடுப்பு மாதிரியா இருக்கு?" என்றார். ஜுரத்தில் படுத்திருக்கிறவளிடம் புருஷன் சொல்லிவிட்டுப் போகிற பேச்சா இது? பேச்சுக்காவது படுத்திரு என்று சொல்லியிருக்கலாம். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், நெற்றி சில்லென்றிருந்தது, கையை எடுத்துக்கொண்டு, "கஷாயம் வச்சுக் குடி" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஜுரம் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கஷாயம் குடிக்கச் சொன்னார் என்றால் நல்ல மனுஷர்தான்.

நாளைக் காலையில் சென்னையில் மகன் கதிரேசன் வாடகைக்குப் பிடித்த புது வீட்டில் பால் காய்ச்சுகிறான். இப்போது இருக்கிற வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, மருமகள் நறுமுகைக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. ஆறாம் மாதம் பிறந்துவிட்டால் வீடு மாறக்கூடாது என்பதால் அவசர அவசரமாகத் தரைத்தளத்தில் ஒரு வீட்டைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை போனில், "பால் காய்ச்சறதுக்கு அமுதா அத்தையை வரச் சொல்லிருக்கேம்மா, அவங்க தாம்பரத்துலதானே இருக்காங்க, நீ எதுக்கு இவ்வளவு தூரம் வந்து, விடிகாலையில எந்திரிச்சு..." என்று இழுத்தான். அந்த வாக்கியத்தை அவன் எப்படி முடிப்பான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, முடிக்க விடவில்லை. "எனக்கும் ரெண்டு நாளா ஜுரம் வர்ற மாதிரியே இருக்குப்பா" என்றாள். வாயில் தானாக வந்த ஜுரம். "அப்படியா? மாத்திரை போட்டியா?" என்று உடனே அக்கறையாகக் கேட்டான். அன்றைக்குப் பிடித்த ஜுரம் இன்றோடு ஐந்து நாள், ஒரு டிகிரி கூட ஏறவில்லை, இறங்கவும் இல்லை. அப்பனுக்கும் பிள்ளைக்கும் அவளுக்கும் மூன்று பேருக்கும் அது வசதியாக இருந்தது. ஆனாலும் அவன் மறுபடி கூப்பிட்டு, ஜுரமா இருந்தா இருக்கட்டும், வந்து ஒரு ஓரமா உட்காரும்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் ராத்திரிக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். சொல்லமாட்டான். சொல்லுவான் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. போனை ஜன்னல் திட்டில், ஈரக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருந்தது சும்மாதான். மணி பதினொன்று ஐந்து.

வலது பக்கத் தட்டை எடுத்துக் கம்பி நாரால் தேய்த்தாள். சாம்பார் மரியாதை தெரிந்த கறை, கொஞ்சம் புளியும் கொஞ்சம் பவுடரும் காட்டினால் கிளம்பிவிடும். கை தானாகத் தேய்த்தது, அவள் வேறெங்கோ இருந்தாள். இந்தக் கைதான். எல்லாம் இந்தக் கையால்தான் வந்தது. கல்யாணமாகி வந்த வீட்டில் ஆறு பேருக்குக் கால் லிட்டர் பால். மாமனாருக்கு முதல் காபி, பிறகு கொழுந்தன், நாத்தனார், புருஷன், மாமியார், பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதில் தண்ணீர் விட்டுக் கலக்கினால் அவளுக்கு. பால் பொங்கி வழிந்தால் வழிந்தது யாருடைய காபி என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். ஒரே மாதத்தில் கை கற்றுக்கொண்டுவிட்டது. பால் ஏறுவதற்குச் சற்று முன்னால் அதன் சத்தம் அடங்கும், அந்த அடக்கம் அவளுக்குக் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாலும் கேட்கும், ஓடி வந்து அடுப்பை அணைத்துவிடுவாள். பிற்பாடு ஓடக்கூட வேண்டியதில்லை, பக்கத்தில் நின்று யாருடனாவது சளசளவென்று பேசிக்கொண்டிருப்பாள், கை மட்டும் பின்னால் போய்த் திருகிவிட்டு வந்துவிடும். என் பொண்டாட்டி முப்பது வருஷத்துல ஒரு சொட்டுப் பால் பொங்கவிட்டதில்லை என்று நமச்சிவாயம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார், ஏதோ அவர் வாங்கிக் கொடுத்த பதக்கம் மாதிரி. அப்படிச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்துத்தான் மயிலாடுதுறையில் ஜங்ஷனுக்குப் பின்னால் இந்த வீட்டைக் கட்டினார்கள். இரண்டரை வருஷத்துக்கு முன்னால், தை மாதம், விடியற்காலை. இதே அடுப்பு, அன்றைக்குப் புத்தம் புதுசு, மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது, முப்பது பேர் சமையலறையிலும் வாசலிலுமாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். புதுப் பாத்திரத்தில் பால் ஏறியது. விளிம்புக்கு வந்து, வெள்ளையாக உப்பி, இதோ வழியப்போகிறது, நாத்தனார் அமுதவல்லி கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கிவிட்டாள். டக். தையல்நாயகியின் கை போய் அடுப்பை அணைத்துவிட்டது.

பால் மெதுவாக உள்ளே இறங்கியது, அதோடு முப்பது பேருடைய மூச்சும் இறங்கியது. "என்னா அண்ணி!" என்றாள் அமுதவல்லி. பின்னால் யாரோ ஒரு பையன் சிரித்தான். தையல்நாயகி தன் கையைப் பார்த்தாள், அது அடுப்புத் திருகின் மேலேயே இருந்தது, கொடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்ட கை. "பத்த வை, பத்த வை" என்று நமச்சிவாயம் பதறினார், பற்ற வைத்தாள், இரண்டாம் தடவை பால் ஏறமாட்டேன் என்றது, ஆடை கட்டிக்கொண்டு கிடந்தது, பிறகு ஒரு நொடியில் கிழித்துக்கொண்டு வந்து அடுப்பையே அணைத்துவிட்டுத் தெற்குப் பக்கமாக வழிந்தது. கிழக்கே வழிய வேண்டும். வழிஞ்சிடுச்சுல்ல, அதெல்லாம் போதும் என்று யாரோ பெரியவர் முடித்து வைத்தார். அதற்கப்புறம் எல்லோரும் உட்கார்ந்து கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கித்தான் சாப்பிட்டார்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. கதிரேசனுக்குக் கல்யாணம் கூட நல்லபடியாக நடந்தது. பையன் சிரித்தது, தெற்குப் பக்கம், எல்லாம் மறந்து போயிருந்தது, அல்லது மறந்து போயிருக்கிறது என்று எல்லோரும் நடந்துகொண்டார்கள். அவளும்.

சாம்பார்த் தட்டு பளபளவென்று வந்துவிட்டது. கவிழ்த்து வைத்தாள். டீத் தட்டும் அதிகம் படுத்தவில்லை. மூன்றாவதை எடுத்துப் பழைய கத்தி முனையால் ஓரத்தில் நெம்பிப் பார்த்தாள், நகரவில்லை. போன வருஷம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம் ஆறு மணி இருக்கும். நறுமுகைக்கு அப்போது ஆறு மாதம், தீபாவளிக்காக இங்கே வந்திருந்தாள், பனங்கற்கண்டு போட்டுப் பால் வேண்டும் போலிருக்கிறது அத்தே என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்திருந்தாள். உள்ளறையிலிருந்து, "அத்தே..." என்று குரல் வந்தது. பெரிய குரல் இல்லை. ஆனால் சரியான குரலும் இல்லை, அது தையல்நாயகிக்கு அப்போதே தெரிந்தது, தெரியவில்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், தன்னிடம் சொல்லிக்கொள்ள முடியாது. அப்போது பால் ஏறிக்கொண்டிருந்தது. "இதோ வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டு நின்றாள். ஏறி வருகிற பாலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அணைத்தாள். ஒரு தட்டை எடுத்து மூடினாள். ஏன் மூட வேண்டும்? மூடிவிட்டுப் போனாள். பத்து வினாடி இருக்கும். போனபோது படுக்கை விரிப்பில் சிவப்பாக இருந்தது, நறுமுகை இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அழாமல், அவளையே பார்த்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, குழந்தையின் இதயத் துடிப்பு இரண்டு நாளைக்கு முன்னாலேயே நின்றிருக்க வேண்டும் என்றார்கள். பத்து வினாடியில் ஒன்றும் இல்லை. பத்து வினாடியைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை, யாருக்கும் தெரியாது. ஆனால் மறுநாள் வந்த அமுதவல்லி ஆஸ்பத்திரி வராந்தாவில், குரலைத் தாழ்த்த வேண்டும் என்று கூடத் தோன்றாமல், "புது வீட்டுப் பாலையே அணைச்ச கையாச்சே" என்றாள். "சும்மா இருங்க அத்தே, நீங்க வேற" என்று கதிரேசன் சீறினான். நல்ல பிள்ளை, இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. சீறிவிட்டு அம்மாவைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பாமலே இருந்திருக்கலாம்.

அதற்கு அடுத்த மாதத்திலிருந்துதான் அவள் பாலைப் பொங்கவிட ஆரம்பித்தாள். தினமும் காலையில், இடது பக்க அடுப்பில். முதல் நாள் முடியவில்லை, சத்தம் அடங்கியதுமே கை போய்விட்டது. இரண்டாம் நாள் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள், உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது, பாத்திரத்தில் ஏறுகிற பாலுக்கு இப்படியா வியர்க்கும் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வழிந்தது. கொஞ்சம்தான். உஸ்ஸென்று தட்டில் விழுந்து, பழுத்து, தீய்ந்து, வீடெல்லாம் நாறியது. கூடத்திலிருந்து நமச்சிவாயம், "என்ன, பால் பொங்கிடுச்சா? உனக்கா?" என்று ஆச்சரியப்பட்டார். பிறகு அவருக்கும் பழகிவிட்டது, வயசாகிறது அவளுக்கு என்று எடுத்துக்கொண்டார். யாருக்கு என்ன திருப்பிக் கொடுக்கிறோம் என்று அவளுக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அன்றைக்குப் பொங்காமல் போனது இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று பொங்கித் தீரட்டும் என்றுதான் ஏதோ ஒரு கணக்கு. கிறுக்குக் கணக்கு. நறுமுகை மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தபோது, பலித்துவிட்டதா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள், நினைத்த மறு நிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது. பலிக்கும் என்றால் அப்போது அதுவும் பலித்ததுதானே? ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை விட முடியாதே. அதற்கப்புறம் ஒரு நாள் கூட விடாமல் பொங்க வைத்தாள். இன்றைக்குக் காலையிலும், அவர் போன பிறகு, ஒருத்திக்கு எதற்கு அரை லிட்டர் என்று தெரிந்தே காய்ச்சிப் பொங்க வைத்தாள். தட்டைத்தான் ஒரு நாளும் கழுவவில்லை.

இன்றைக்கு ஏன் கழற்றினாள்? அவர் சொன்னார் என்பதற்காகவா? அவர் சொல்லி அவள் எதைக் கேட்டிருக்கிறாள். சும்மா இருக்க முடியவில்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இப்போது கத்தி முனையில் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு பொருக்கு பெயர்ந்து வந்ததும் கத்தியை நிறுத்தினாள். இதைச் சுரண்டிவிட்டால் இத்தனை நாள் பொங்கியதும் இதோடு போய்விடுமா? நாளைக்கு அங்கே பால் காய்ச்சும்போது இங்கே தட்டு கறுப்பாக இருப்பது நல்லதா, வெளுப்பாக இருப்பது நல்லதா? யாரைக் கேட்பது இதை. எந்த ஜோசியன் சொல்லுவான். பெயர்ந்த இடத்தில் எவர்சில்வர் புதிதாக மின்னியது. அழுகை வருமா என்று பார்த்தாள், வரவில்லை, வெகு நாளாக வருவதில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதடோ மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருந்தது. மேலே சுரண்டினாள். அப்போது பக்கத்து வீட்டு பல்கீஸ் ஜன்னலை ஒட்டிய கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட வந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். "என்னக்கா, நீங்க ஊருக்குப் போவலையா? அண்ணன் மட்டும் பையத் தூக்கிட்டுப் போனாரு?" என்றாள். ஜுரம் என்று சொன்னதும் சுவரின் மேல் எக்கி, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "எங்கக்கா சுடுது? பச்சத் தண்ணியாட்டம் இருக்கு. ஜுரக்காரி பண்ற வேலையா இது?" "உள்ளுக்குள்ள இருக்கு பல்கீஸ்" என்றாள் தையல்நாயகி. பல்கீஸுக்கு முழுசும் தெரியாது, பாதி தெரியும், பாதி போதும். "நானா இருந்தா கூப்புட்டாலும் கூப்புடாட்டியும் போய் நடு வீட்ல நிப்பேன். நம்ம புள்ளக்கா அது" என்று சொல்லிவிட்டுத் துணியை உதறினாள். நம் பிள்ளைதான். அதனால்தானே.

பாதித் தட்டு வெளுத்திருந்தபோது போன் அடித்தது. கதிரேசன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள், அவசரத்தில் இரண்டு தடவை வழுக்கியது, எங்கே நின்றுவிடுமோ என்று இருந்தது. "அம்மா, ஜுரம் எப்படி இருக்கு?" என்றான். பரவாயில்லப்பா என்றாள். மாத்திரை போட்டியா, போட்டேன், கஞ்சி ஏதாவது குடிச்சியா, குடிச்சேன். இல்லாத ஜுரத்துக்கு இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தார்கள். அப்பா வந்து சேர்ந்துவிட்டார், குளிக்கிறார் என்றான். பிறகு, "நாளைக்கு ஆறரை மணிக்கு வீடியோ கால் போடறேம்மா, நீ அங்கேருந்தே பாத்துடு" என்றான். அவளுக்கு உடனே அந்தப் புது அடுப்பு, அதில் ஏறுகிற பால், போனுக்குள்ளிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற தன் கண், எல்லாம் தெரிந்தன. "அந்த நேரத்துக்கு மாத்திரை போட்டுட்டுத் தூங்கிட்டிருப்பேன்ப்பா" என்றாள். பிறந்ததிலிருந்து ஆறரை மணிக்கு அவள் தூங்கியதில்லை, அது அவனுக்கும் தெரியும். "ம்... சரி" என்றான். அதற்குள் நறுமுகை போனைப் பிடுங்கிக்கொண்டாள். "என்னத்தே இப்படிப் பண்ணிட்டீங்க? சரி, ஜுரம் விட்டதும் அடுத்த வாரம் வந்துடுங்க, உங்க வத்தக்குழம்புக்கு நாக்கு ஏங்குது" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கமாட்டார்கள். அந்தக் குரலைக் கேட்டதும் தையல்நாயகிக்கு ஆசையாக இருந்தது. மூன்று மணி பஸ் என்று மனசு ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தது. போன் மறுபடி கை மாறியது, கதிரேசன் நடக்கிற சத்தம், ஒரு கதவு சாத்துகிற சத்தம். தனியாக வந்து நிற்கிறான். ஏதோ சொல்லப்போகிறான்.

அவன் சொல்லவில்லை. இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள்தான் பேசினாள். "பிரசவம் ஆகட்டும்ப்பா. நல்லபடியா ஆகட்டும். அப்புறமா நான் அங்க வர்றேன்." சொல்லும்போதே தெரிந்தது, மறுத்துச் சொல்லட்டும் என்றுதான் சொல்கிறாள். என்னம்மா பைத்தியம் மாதிரி பேசற, நாலு மாசம் நீ வராம இருப்பியா என்று கத்துவான். சின்ன வயசில் அவள் ஒரு நாள் அம்மா வீட்டுக்குப் போனாலே கத்துகிற பிள்ளை. காத்திருந்தாள். அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவது கேட்டது, நீளமாக, வெகு நாள் பிடித்து வைத்திருந்ததை விடுகிற மாதிரி. "சரிம்மா" என்றான். உடம்பைப் பாத்துக்கோ என்றான். வைத்துவிட்டான்.

போனை ஜன்னல் திட்டில் வைத்தாள். வலித்தது. பெற்ற பிள்ளை அப்படிச் சொன்னால் வலிக்கத்தானே செய்யும், ஊசி போட்ட உதட்டுக்குக் கூட அது எட்டியது. ஆனால் வலிப்பதற்கு முன்னால், அவன் மூச்சு விட்ட அதே நொடியில், தன்னுடைய மூச்சும் வெளியே வந்ததை அவள் கவனித்துவிட்டாள். அப்பாடா என்று இருந்தது. நாளைக்கு அந்த அடுப்புக்குப் பக்கத்தில் இந்தக் கை இருக்காது. குழந்தை பிறந்து, அழுது, பால் குடிக்கிற வரைக்கும் இருக்காது. ஐந்து நாளாக, அவன் கூப்பிடமாட்டானா என்றுதான் காத்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள், கூப்பிட்டுவிடுவானோ என்று அதைவிடப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். அமுதவல்லி வராந்தாவில் நின்று சொன்னது தப்பு என்று இத்தனை நாளில் ஒரு தடவை கூட அவளுக்குத் தோன்றியதில்லை. அந்தப் பேச்சை முதலில் நம்பியவள் அவள்தான், மகன் இப்போதுதான் நம்ப ஆரம்பித்திருக்கிறான்.